முதல் அடி எந்த மாதத்தில்? சீக்கிரம் நடக்கும் குழந்தைகளும் அவர்களின் பிற்கால வளர்ச்சியும்

பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்திலேயே எட்டு வைத்து நடந்துவிட்டது, நம் வீட்டுக் குழந்தையோ முதல் பிறந்தநாள் கழிந்தும் சுவரைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது என்ற பேச்சு எழாத வீடு அரிது. சீக்கிரம் நடந்த பிள்ளையைப் பெரியவர்கள் கெட்டிக்காரப் பிள்ளை என்று மெச்சுகிறார்கள். நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும் பிள்ளையின் தாய், தான் ஊட்டியதிலும் கவனித்ததிலும் என்ன குறை வைத்தோம் என்று தேடத் தொடங்குகிறாள். நடக்கத் தொடங்கிய மாதம் பிற்கால அறிவையும் உடல்திறனையும் முன்கூட்டியே காட்டிவிடும் என்ற நம்பிக்கைதான் அந்தப் பெருமைக்கும் இந்தக் கவலைக்கும் அடியில் இருக்கிறது. குழந்தைகளைப் பிறந்தது முதல் பல ஆண்டுகள், சில ஆய்வுகளில் முதுமை வரையிலும், பின்தொடர்ந்து சென்று இந்த நம்பிக்கையைச் சோதித்திருக்கிறார்கள். கிடைத்த விடைகள் ஒரே திசையைக் காட்டவில்லை என்பதாலேயே அவற்றைப் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

எது சீக்கிரம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கானாவின் அக்ரா, தெற்கு டெல்லி, நார்வேயின் ஓஸ்லோ, ஓமனின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ் ஆகிய ஐந்து இடங்களில் ஆரோக்கியமான சூழலில் வளர்ந்த 816 குழந்தைகளை ஒரே முறையில் கவனித்து, 2006ஆம் ஆண்டில் உடலியக்க வளர்ச்சிக்கான கால எல்லைகளை வெளியிட்டது. யாரும் பிடிக்காமல் தானாக நடக்கும் திறன் சராசரியாக 12.1 மாதத்தில் வந்தது. மிக முன்னதாக நடந்த நூற்றில் ஒரு பங்குக் குழந்தைகளையும் மிகப் பின்னால் நடந்த நூற்றில் ஒரு பங்குக் குழந்தைகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சிய அனைவரும் 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையே நடந்துவிட்டார்கள். ஆக, இயல்பு என்று சொல்லப்படும் கால எல்லையே ஒன்பது மாதங்களுக்கு மேல் அகலமானது. எட்டரை மாதத்தில் நடந்த குழந்தையும் பதினேழாம் மாதத்தில் நடந்த குழந்தையும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறார்கள். ஆண், பெண் குழந்தைகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழாமலேயே நடைக்குச் சென்ற குழந்தைகளும் நூற்றில் நால்வர் அளவுக்கு இருந்தார்கள். நம்முடைய பிள்ளைத்தமிழ் மரபு, குழந்தையை நடந்து வரச் சொல்லி அழைக்கும் வருகைப் பருவத்தை ஓராண்டு நிறைவை ஒட்டி வைத்திருப்பது இந்தச் சராசரியோடு பொருந்திப்போவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு குழந்தை ஏன் மற்றொன்றைவிட முன்னதாக நடக்கிறது என்பதற்குப் பல காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கால்களுக்குச் செல்லும் நரம்பிழைகளின் மேல் மையலின் என்னும் கொழுப்புறை படியப் படியத்தான் செய்திகள் விரைந்தும் ஒழுங்காகவும் செல்கின்றன. பெரிய தலையையும் குட்டையான கால்களையும் கொண்ட உடல் தன் எடையை ஒற்றைக் காலில் ஒரு கணம் தாங்கும் அளவுக்குத் தசை வலுவும் சமநிலையும் அதற்கு வேண்டும். பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாதம் தரையில் படும்படி வைத்தால் நடப்பதுபோலக் கால்களை மாற்றி மாற்றி வைக்கும்; இரண்டு மூன்று மாதங்களில் அது மறைந்துவிடும். மூளை முதிர்வதால் மறைகிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலென் 1980களில் அத்தகைய குழந்தைகளை மார்பளவு நீரில் நிறுத்தியபோது மறைந்த அடிவைப்பு திரும்பி வந்தது. அந்த மாதங்களில் கால்களில் விரைந்து சேரும் கொழுப்பின் எடையைத் தூக்கத் தசைக்கு வலுவில்லாமல் போவதே காரணம் என்று அவர் விளக்கினார். குண்டாக இருக்கும் குழந்தை சற்றுத் தாமதித்து நடப்பதையும், மெலிந்த உடல்வாகுள்ள குழந்தை முந்திக்கொள்வதையும் அறிவோடு முடிச்சுப் போடுவதற்கு முன், இந்த எளிய உண்மையை நினைவில் வைக்க வேண்டும்.

வளர்க்கும் முறைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் குழந்தையை உட்கார வைப்பதற்கென்றே தரையில் சிறு குழி பறித்து அதில் அமர்த்திப் பழக்குவதையும், கைபிடித்து நடக்கப் பழக்குவதையும் 1970களில் சார்லஸ் சூப்பர் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக உட்கார்ந்தார்கள், நடந்தார்கள்; யாரும் பழக்காத தவழ்தலில் மட்டும் அவர்கள் முந்தவில்லை. பராகுவேயின் காடுகளில் வாழ்ந்த அச்சே மக்களின் நிலை இதற்கு நேர்மாறானது. பாம்பும் பூச்சியும் முள்ளும் நிறைந்த காட்டுத் தரையில் குழந்தையை விட முடியாததால் தாய்மார்கள் அவர்களைத் தூக்கியே சுமந்தார்கள். அவர்களின் குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு வயதில்தான் தானாக நடந்தார்கள். அதே குழந்தைகள் எட்டு, பத்து வயதில் உயரமான மரங்களில் ஏறி இறங்குவதையும் காட்டில் லாவகமாக நடமாடுவதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். தஜிகிஸ்தானில் கைக்குழந்தைகளைக் கஹ்வோரா என்னும் தொட்டிலில் கை கால்களைக் கட்டி நெடுநேரம் படுக்க வைக்கும் வழக்கம் உண்டு. அங்கும் குழந்தைகள் உலக சுகாதார நிறுவனத்தின் அளவைவிடத் தாமதமாக நடக்கிறார்கள். நான்கு, ஐந்து வயதில் ஓட்டத்திலும் தாவலிலும் மற்ற நாட்டுக் குழந்தைகளோடு சேர்ந்துகொள்கிறார்கள். முதல் அடி விழும் மாதத்தைக் குடும்பமும் தரையும் தட்பவெப்பமும் இந்த அளவுக்கு நகர்த்த முடியும் என்றால், அந்த மாதத்தைக் குழந்தையின் உள்ளார்ந்த திறமைக்கு அளவுகோலாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்?

இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்தது. ஆஸ்கர் யென்னியும் அவருடைய குழுவினரும் 222 ஆரோக்கியமான குழந்தைகளை முதல் இரண்டு ஆண்டுகளில் ஏழு முறையும், பின்னர் 18 வயது வரை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் சோதித்த பதிவுகளை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுள் மிக முன்னதாக நடந்த குழந்தை எட்டரை மாதத்திலும் மிகப் பின்னால் நடந்த குழந்தை இருபதாம் மாதத்திலும் நடந்திருந்தது. ஏழு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையே எடுக்கப்பட்ட நுண்ணறிவுச் சோதனைகளிலும், சமநிலை, ஒத்திசைவு போன்ற உடலியக்கச் சோதனைகளிலும் கிடைத்த மதிப்பெண்களுக்கும், நடக்கத் தொடங்கிய வயதுக்கும் தொடர்பு இருக்கவில்லை. நல்ல உணவும் மருத்துவ வசதியும் கிடைத்த, நோயற்ற குழந்தைகளிடையே சீக்கிரம் நடப்பது பின்னாளைய அறிவைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பதற்கு இதுவே வலுவான சான்று என்று நான் கருதுகிறேன்.

ஆனால் சான்று இத்துடன் நின்றுவிடவில்லை. வடக்குப் பின்லாந்தில் 1966இல் பிறந்த பன்னிரண்டாயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், முதல் வயதில் உடலியக்கத்தில் முந்தியிருந்தவர்கள் பிற்காலத்தில் பள்ளித் தேர்ச்சியிலும் கல்வித் தகுதியிலும் சற்று மேலே இருந்தார்கள். முன்னதாக நிற்கக் கற்றவர்கள் முப்பது வயதைத் தாண்டிய பின் எடுத்த சில சிந்தனைச் சோதனைகளிலும் சற்று நன்றாகச் செய்தார்கள். பிரிட்டனில் 1946 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை இன்றளவும் பின்தொடரும் ஆய்வில், பிற்காலத்தில் மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர்கள் குழந்தைப் பருவத்தில் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 மாதம் தாமதமாக நடந்திருந்தார்கள் என்பது 1994இல் வெளியாயிற்று. அதே ஆய்வில், முன்னதாக நடந்த ஆண்களின் எலும்புகள் 60 முதல் 64 வயதில் வலுவாக இருந்தன என்று 2017இல் கண்டார்கள். வளரும் எலும்பின் மேல் உடல் எடையும் தசை இழுப்பும் முன்னதாகவே விழத் தொடங்குவதும், அப்படிப்பட்டவர்கள் பின்னரும் சுறுசுறுப்பாக இயங்குவதும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

இவற்றைப் படிக்கும் பெற்றோர் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களை இரு கூட்டமாகப் பிரித்துச் சராசரி எடுக்கும்போது தெரியும் சிறு வித்தியாசம், அந்தக் கூட்டத்திலுள்ள ஒரு தனிக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லாது. மேலே சொன்ன 1.2 மாத வித்தியாசத்தை இயல்பான ஒன்பது மாத அகலத்தின் மேல் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்: இரு கூட்டங்களும் ஏறக்குறைய முழுமையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. பதினான்காம் மாதத்தில் நடந்த கோடிக்கணக்கான குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த நோயும் வருவதில்லை. பத்தாம் மாதத்தில் நடந்தவர்களில் எல்லா விதமான மனிதர்களும் இருக்கிறார்கள்.

ஒரே கேள்விக்குச் சூரிக் ஒரு விடையும் பின்லாந்து வேறொரு விடையும் தருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடையைத் தாமதப்படுத்தும் சில நிலைமைகள் மூளை வளர்ச்சியையும் தனியே பாதிக்கின்றன. தான்சானியாவைச் சேர்ந்த பெம்பா தீவில் செய்த ஆய்வுகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும் இரத்தச் சோகை உள்ள குழந்தைகளும் நடையில் பின்தங்கியிருந்தார்கள். இரும்புச்சத்துக் குறைவு நீண்டகாலம் நீடித்தால் கற்றல் திறனும் பாதிக்கப்படும். இத்தகைய குழந்தைகளும் கலந்திருக்கும் ஒரு பெரிய கூட்டத்தில், தாமதமாக நடந்தவர்கள் கல்வியிலும் பின்தங்குவதுபோலத் தோன்றும். உண்மையில் பசியும் சோகையும் குறைப்பிரசவமும் அந்த இரண்டையும் பின்னுக்கு இழுத்திருக்கும். அந்தக் குழந்தைக்குத் தேவைப்படுவது இரும்புச்சத்தும் நல்ல உணவும். நடைப்பயிற்சி கொடுத்து அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

மரபணுவியல் அண்மையில் தந்த செய்தி பொதுவான எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த 70,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரபணுத் தரவுகளை ஒன்றுசேர்த்து 2025இல் வெளியான ஆய்வு, நடக்கத் தொடங்கும் வயதில் காணும் வேறுபாடுகளில் ஏறத்தாழ கால் பங்கைப் பரவலான மரபணு வேறுபாடுகள் விளக்குகின்றன என்றும், மரபணுத் தொகுதியில் 11 இடங்கள் இதனுடன் தொடர்புடையவை என்றும் காட்டியது. சற்றுத் தாமதமாக நடப்பதோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகள், மூளையின் மேற்பரப்பு மடிப்புகள் மிகுதியாக இருப்பதோடும், கூடுதல் ஆண்டுகள் கல்வி பெறுவதோடும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு குறைவாக இருப்பதோடும் இணைந்திருந்தன. இதையும் தலைகீழாக எடுத்துக்கொண்டு, சீக்கிரம் நடந்த குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. வந்துவிடுமோ என்று அஞ்சுவது தவறு. பெருந்திரளில் மட்டுமே புலப்படும் மெல்லிய தொடர்பு இது. இயல்பான எல்லைக்குள் சற்றுப் பின்னால் நடப்பது குறை என்று கருதுவதற்கு மரபணுவில் ஆதாரம் இல்லை என்பதே இதிலிருந்து நாம் துணிந்து சொல்லக்கூடியது.

நீண்டகால முன்னறிவிப்பு இவ்வளவு மங்கலாக இருந்தாலும், நடக்கத் தொடங்கிய அந்த வாரங்களிலேயே குழந்தைக்கு ஏற்படும் மாற்றம் பெரிது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் நடத்தும் ஆய்வகத்தில், 12 முதல் 19 மாதக் குழந்தைகளைத் தடையின்றி விளையாட விட்டு எண்ணிப் பார்த்தபோது, அவர்கள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் வைத்து, 17 முறை விழுந்தார்கள். தவழ்தலில் தேர்ந்த ஒரு குழந்தை, அந்தத் தேர்ச்சியை விட்டுவிட்டு விழுந்து எழும் நடைக்கு ஏன் மாறுகிறது என்பது அவருடைய கேள்வி. நடக்கும் குழந்தை அதே நேரத்தில் கூடுதல் தூரம் செல்கிறது. கடந்த தூரத்தோடு ஒப்பிட்டால், தவழும் குழந்தையைவிட அது அதிகமாக விழுவதுமில்லை. இதைவிடவும் முக்கியமானது அது காண்கிற உலகம். தவழும் குழந்தையின் கண்ணில் பெரும்பாலும் தரைதான் படுகிறது. நிமிர்ந்த குழந்தை முகங்களையும் மேசையையும் அறையின் மறுகோடியையும் பார்க்கிறது. கைகள் விடுதலை பெறுவதால் ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு அறையைக் கடந்து சென்று அம்மாவிடம் நீட்டுகிறது. அம்மாவும் வெறுமனே பெயர் சொல்வதை விட்டு, இதைத் திற, அப்பாவிடம் கொடு என்று செயலைச் சொல்லும் வாக்கியங்களில் விடை தருகிறாள்.

மொழி வளர்ச்சிக்கும் நடைக்கும் உள்ள உறவை எரிக் வாலேயும் ஜோசப் கேம்போஸும் 2014இல் காட்டியது இந்தப் பின்னணியில்தான் புரிகிறது. ஒரே வயதுடைய குழந்தைகளில், நடக்கத் தொடங்கிவிட்டவர்களுக்குப் புரியும் சொற்களும் பேசும் சொற்களும் தவழ்பவர்களைவிட மிகுந்திருந்தன. ஒரே குழந்தையைத் தொடர்ந்து கவனித்தபோதும் நடை தொடங்கிய பின் சொல் வளர்ச்சி வேகம் பிடித்தது. சீன மொழி கேட்டு வளரும் குழந்தைகளிடமும் இதையே கண்டார்கள். சீக்கிரம் நடந்த குழந்தைக்கு அந்தச் சில மாதங்களில் ஒரு முன்னிலை கிடைக்கலாம் என்பது உண்மைதான். மற்றக் குழந்தைகளும் நடந்து அதே உரையாடலுக்குள் வந்த பிறகு அந்த முன்னிலை தேய்ந்துவிடுகிறது என்று கொண்டால்தான் சூரிக்கின் முடிவும் இதனோடு முரண்படாமல் நிற்கும். இன்னும் நடக்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து, அது கைநீட்டுவதற்கெல்லாம் பேர் சொல்லிப் பேசுகிற பாட்டி, நடை தருகிற வாய்ப்பின் ஒரு பகுதியை முன்னதாகவே அதற்குக் கொடுத்துவிடுகிறார்.

சீக்கிரம் நடக்கும் குழந்தைக்கு அந்தச் சமயத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. சரிவுப் பலகைகளில் நடத்திய சோதனைகளில், பல வாரங்கள் தவழ்ந்து பழகிய குழந்தைகள் செங்குத்தான சரிவின் விளிம்பில் நின்றுவிட்டார்கள். அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் தயங்காமல் காலெடுத்து வைத்தார்கள். தவழ்ந்தபோது கற்ற எச்சரிக்கை நடைக்குக் கடத்தப்படுவதில்லை. அதை மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. ஒன்பது மாதத்தில் நடந்த குழந்தை கெட்டிக்காரக் குழந்தை என்று நம்பி மாடிப்படியின் கதவைத் திறந்துவைக்கும் வீடுகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பழக்கினால் சீக்கிரம் நடக்குமே, பழக்கலாமா என்ற கேள்விக்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது. 1929இல் ஆர்னால்டு கெசலும் ஹெலன் தாம்சனும் ஒத்த இரட்டையரான இரண்டு பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு 46ஆம் வாரம் முதல் ஆறு வாரங்கள் படியேறும் பயிற்சி தந்தார்கள். மற்றவளுக்கு அந்தக் காலத்தில் எந்தப் பயிற்சியும் இல்லை. 53ஆம் வாரத்தில் அவள் பயிற்சியே இல்லாமல் படியேறிவிட்டாள். இரண்டு வாரப் பயிற்சிக்குப் பின் சகோதரிக்கு ஈடாகிவிட்டாள். பயிற்சியால் முதல் அடியை ஓரிரு மாதம் முன்னே கொண்டுவரலாம் என்பதைப் பிலிப் ஸெலாஸோ 1972இல் காட்டினார். கிப்சிகிஸ் தாய்மாருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அந்த ஓரிரு மாதத்தால் குழந்தைக்கு நிலையான பயன் விளைந்ததாகக் காண முடியவில்லை.

உட்கார வைத்து உருளவிடும் வாக்கர் விஷயத்தில் நிலைமை இன்னும் தெளிவு. குழந்தையை நடத்தும் என்று நம்பி வாங்கப்படும் அந்தக் கருவி நடையைத் தாமதப்படுத்துகிறது: அயர்லாந்தில் 2002இல் வெளியான ஆய்வின்படி, மொத்தமாக 24 மணி நேரம் வாக்கரில் கழித்த ஒவ்வொரு முறைக்கும் தனியாக நடப்பது மூன்று நாட்களுக்கு மேல் தள்ளிப்போனது. காலைப் பார்க்க முடியாமல், எடையைத் தாங்காமல், விழாமல் நகரும் குழந்தைக்குச் சமநிலையைக் கற்க வாய்ப்பே இல்லை. 1990 முதல் 2014 வரையிலான காலத்தில் அமெரிக்காவில் 2,30,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கர் காயங்களுக்காக அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் படியில் உருண்டவர்கள். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் மூன்று சக்கர மர நடைவண்டி இதனோடு சேர்ந்ததல்ல. அதைக் குழந்தை தானே எழுந்து நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். பெரியவர் அருகில் இருந்து, தரையும் சமமாக இருந்தால், அது குழந்தையின் சொந்த முயற்சிக்குத் துணை செய்கிறது.

சீக்கிரம் நடக்கவிட்டால் கால் வளைந்துவிடும் என்ற அச்சத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இரண்டு வயது வரை குழந்தைகளின் கால்கள் வெளிப்புறம் வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் உட்புறம் சேர்வதும், ஏழு வயதளவில் நேராவதும் இயல்பான வரிசை. அளவுக்கு மீறிய எடையோடு மிகச் சீக்கிரம் நடந்த சில குழந்தைகளுக்கு வரும் பிளவுன்ட் நோய் மட்டும் விதிவிலக்கு. அது அரிது, அதில் வளைவு குறையாமல் கூடிக்கொண்டே போகும்.

நடக்கும் வயது உண்மையில் பயன்படும் இடம் மறுகோடியில் இருக்கிறது. பதினெட்டாம் மாதம் முடிந்தும் தானாக நடக்காத குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய பட்டியலும், எதையும் பிடிக்காமல் நடப்பதை 18ஆம் மாதத்தில்தான் வைத்திருக்கிறது. அப்படி வரும் குழந்தைகளில் பலர் பிட்டத்தால் நகர்ந்து பழகியவர்களாகவோ, அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தார் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர்களாகவோ இருப்பார்கள். அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. சிலருக்கு மூளை முடக்குவாதம், தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு நோய், இடுப்பு மூட்டு விலகல் ஆகியவற்றில் ஒன்று இருக்கலாம். ஆண் குழந்தையானால், தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷேன் தசைச் சிதைவு என்ற பரம்பரை நோய் இல்லை என்று உறுதிசெய்வதற்கு ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும். மாதக் கணக்கை விடவும் அவசரமான அடையாளங்கள் சில உண்டு: ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, ஒரு காலை இழுப்பது, எப்போதும் விரல் நுனியிலேயே நிற்பது, வந்த திறன் மறைந்துபோவது. இவை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்ட குழந்தையிடம் தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்ட, 17 திறன்களைச் சோதிக்கும் வளர்ச்சிப் பரிசோதனை அட்டை இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் அமைந்த தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் இயன்முறைச் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்கே போகும்போது பிரசவ ஏடுகளையும் எடுத்துச்செல்ல வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை பதினைந்தாம் மாதத்தில் நடந்தால், மருத்துவர் அதைப் பதின்மூன்றாம் மாதம் என்றே எழுதிக்கொள்வார்.